பதினாலுக்குப் பதிமூன்று

ஒத்தப்பனைவிளை விடிவெள்ளி வாலிபால் கிளப்புக்கு முப்பத்து நாலு வருஷம் மேனேஜராக இருந்த ஆதிலிங்கம், இதுதான் நான் நிற்கிற கடைசி மேட்ச் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு, பொங்கலுக்கு மூன்றாம் நாள் சாயங்காலம் முள்ளிக்கரைக்காரர்களோடு மோதவிட்ட ஆட்டத்தில், கடைசிப் பந்து மேலே போனது. போனது போனதுதான், எட்டு மாதம் கீழே வரவில்லை.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. ஐந்தாவது செட், நாங்கள் பதினாலு, அவர்கள் பதிமூன்று. இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் மேட்ச் எங்களுக்கு, மாலை மேனேஜருக்கு, கறிச்சோறு எல்லோருக்கும். கறி அடுப்பில் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. எங்கள் பையன் சர்வீஸ் போட்டான், அவர்கள் எடுத்தார்கள், தூக்கிக் கொடுத்தார்கள், முள்ளிக்கரை கேப்டன் தாசன் ஓடிவந்து எம்பி ஓங்கி ஓர் அடி அடித்தான், அது நெட்டுக்கு மேலே நீட்டியிருந்த எங்கள் பட்டுராஜின் கையில் பட்டு விர்ரென்று மேலே ஏறியது. லைட் கம்பத்தைத் தாண்டியது, கம்பத்துக்குப் பின்னால் நின்ற பனையைத் தாண்டியது, இன்னொரு பனை உயரம் ஏறியது, அங்கேயே நின்றுவிட்டது. எங்கள் ஆறு பேரும் கைகளைக் கோத்துக்கொண்டு அண்ணாந்து காத்திருந்தார்கள். கழுத்து வலிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கறி தீய்ந்த வாசம் வந்தது, பெண்கள் அடுப்படிக்கு ஓடினார்கள்.

நடுவர் ஞானதிரவியம் சார் வெளியூர்க்காரர், விதிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குகிறவர். உயர ஸ்டூலில் விசிலை வாயில் கவ்வியபடி உட்கார்ந்திருந்தார். இரண்டு ஊர்ப் பெரிய ஆட்களும் போய் நின்று, ஊதி முடிச்சு வையுங்க சார் என்றார்கள்.

"எதுக்கு ஊதணும்? பந்து தரையைத் தொடலை. எல்லைக்கு வெளிய போகலை. யாரும் தப்பா அடிக்கலை. ஆட்டம் நடந்துட்டு இருக்கு."

"எங்க சார் நடக்கு? அந்தரத்துல நிக்குல்லா!"

"பந்து நிக்கு. ஆட்டம் நடக்கு," என்றார் ஞானதிரவியம் சார்.

பனையேறி செல்லப்பா துரட்டியும் கையுமாக ஏறிப் பார்த்தான். பனை முடிந்துவிட்டது, பந்து அதற்கும் மேலே அவ்வளவு தூரத்தில் இருந்தது, இனி ஏற ஒன்றும் இல்லை அண்ணாச்சி என்று இறங்கிவிட்டான். அன்று தீய்ந்த கறியை வழித்துத் தின்றுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

மறுநாள்தான் விஷயத்தின் முழு நீளமும் எங்களுக்குப் புரிந்தது. எங்கள் கிளப்பில் ஒரு முறை உண்டு. போகிற மேனேஜர், தன் கடைசி மேட்ச் முடிந்ததும், நெட்டை அவிழ்த்து மடித்து, வருகிற மேனேஜரின் தோளில் ஊர் பார்க்கத் தூக்கி வைப்பார். அதற்குப் பிறகுதான் ஒருவர் போனார், ஒருவர் வந்தார் என்று கணக்கு. மேட்ச் முடியாமல் நெட்டை அவிழ்க்க முடியாது, நெட்டை அவிழ்க்காமல் புது மேனேஜர் கிடையாது, புது மேனேஜர் வராமல் பழையவருக்கு ஓய்வு கிடையாது. அறுபத்தெட்டு வயதில், இரண்டு முழங்காலிலும் தைலம் தடவிக்கொண்டு, ஆதிலிங்கம் மறுநாள் சாயங்காலமும் கோர்ட்டு ஓரம் தன் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

அடுத்து யார் என்பதில் ஊர் ஏற்கெனவே இரண்டு பட்டுக் கிடந்தது. ஒரு பக்கம் சுயம்புராஜ். மேனேஜரின் மச்சினன், அதாவது அவர் மனைவி சந்திரபுஷ்பத்தின் தம்பி. நாலு வயதில் தாயில்லாமல் போன அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்காதான், கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு அவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள் என்று இன்றைக்கும் கேலி பேசுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக எந்த ஊருக்கு மேட்சுக்குப் போனாலும் நெட்டைத் தோளில் சுமந்தவன் அவன். தங்கமான மனுஷன், யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் நாற்காலி அவன் கொண்டுவந்து போட்டதாக இருக்கும். ஆனால் பந்து இரண்டு பேருக்கு நடுவில் வந்தால் 'எடு' என்றும் 'விடு' என்றும் ஒரே மூச்சில் கத்துவான். அப்படி ஒருமுறை அவன் கத்தி இரண்டு பேர் மண்டை மோதி, ஆளுக்கு ஆறு தையல்.

இன்னொரு பக்கம் மரகதவல்லி. பதினோரு வருஷமாக எங்கள் ஸ்கோர் எழுதுகிறவள், தையல் டீச்சர், எங்கள் பின்வரிசை ஆட்டக்காரன் கோமதிநாயகத்தின் மனைவி. பேனாவை மூடாமல் பந்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மாமா, பட்டுராஜுக்கு மூணாவது செட்டுல முழங்கால் பேசும், இப்பவே மாத்திருங்க என்று மேனேஜர் பக்கம் திரும்பாமலே சொல்லுவாள், மேனேஜர் மாற்றுவார், நாங்கள் ஜெயிப்போம், அடடா மேனேஜர் கண்ணே கண் என்று சொல்லிக்கொண்டே திரும்பி வருவோம். அவளிடம் குறை ஒன்றே ஒன்றுதான். அவள் பிறந்த ஊர் முள்ளிக்கரை. தாசன் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். பொறந்த வீட்டுப் பாசம் விடுமா, நம்ம பந்தைக் கொண்டு போயி அண்ணன் வீட்டுல வச்சிருவா என்று பாதி ஊர் சொன்னது.

ஆதிலிங்கத்துக்குத் தெரியும். சுயம்புராஜிடம் கொடுத்தால் இரண்டு வருஷத்தில் டீம் இருக்காது. கொடுக்காவிட்டால் வீடு இருக்காது, ஏனென்றால் சந்திரபுஷ்பம் காலையில் காப்பி வைக்கும்போது ஒரு தடவை, படுக்கப் பாய் விரிக்கும்போது ஒரு தடவை, என் தம்பிக்குத்தான குடுப்பிய என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பாம்புக்கும் நோகாமல் கம்புக்கும் நோகாமல், பந்து இறங்கட்டும் புஷ்பம், பார்ப்போம் என்பார். உண்மையைச் சொன்னால், பந்து மேலே நின்ற அன்றைக்கு ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்கினார். அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே வெட்கமாகவும் இருந்தது.

பந்து நின்றதும் ஊர் பழகிக்கொண்டதும் ஒன்றாகவே நடந்தன. நடுவர் இரண்டு டீமையும் கூப்பிட்டு, ஆட்டம் நடக்கும்போது கோர்ட்டு காலியாக இருக்கக் கூடாது, சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரைக்கும் பன்னிரண்டு பேரும் நிற்க வேண்டும், மற்ற நேரத்தில் பக்கத்துக்கு ஒருவராவது இருக்க வேண்டும் என்று முறை எழுதிக் கொடுத்தார். முள்ளிக்கரைக்காரர்கள் காலை பஸ்ஸில் தூக்குவாளியோடு வந்து இறங்கினார்கள், முறை முடிந்ததும் அடுத்தவனிடம் கோர்ட்டை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். போகப்போகத் தூக்குவாளியை விட்டுவிட்டார்கள், எங்கள் வீடுகளிலேயே சோறு போட்டோம். முப்பது வருஷமாக எந்த மண்ணை மிதித்தால் காலை வெட்டுவோம் என்று சொன்னோமோ அந்த மண்ணில் அவர்கள் பாய் விரித்துப் படுத்தார்கள். சவரக்காரர் கோர்ட்டுக்குள்ளேயே வந்து முடிவெட்டினார். முள்ளிக்கரைப் பையன் ஒருவனுக்குப் பெண் பேசியபோது அன்றைக்கு அவனுக்கு முறை இருந்ததால், மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்வீட்டார் எல்லைக்கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து பார்த்து, நிற்கிற நிற்பு நல்லாயிருக்கு என்று அங்கேயே வெற்றிலை மாற்றினார்கள்.

பந்தின் நிழல் காலை ஒன்பதுக்கு ரேஷன் கடைக் கூரையில் விழும், பதினொன்றுக்குப் பட்டுராஜ் வீட்டுக் கோழிக்கூட்டில், உச்சிக்கு எங்கள் பின்கோட்டில், மூன்றுக்குப் பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தில். நிழல் கோழிக்கூட்டுக்கு வந்தால் உலை வைப்பார்கள், கொடிக்கம்பத்துக்கு வந்தால் பிள்ளைகள் பையைத் தூக்குவார்கள். பஸ் கண்டக்டர், பந்தெல்லாம் இறங்கு என்று கூவ ஆரம்பித்தார். டிவிக்காரர்கள் வந்து ஒரு வாரம் படம் பிடித்தார்கள், அசையாத ஒன்றை எத்தனை நாள்தான் காட்டுவது என்று கேமராவைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஆடிக் காற்று வந்தது. தேரியில் மணல்மேடு மேடாக இடம் மாறியது, எங்கள் ஊர்ச் செம்மண் பாதி அடுத்த ஊர்க் கிணற்றில் போய் விழுந்தது, பந்து மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் அதற்குக் கை கூப்புகிற பழக்கம் வந்தது.

யார் முதலில் கூப்பினார்கள் என்று கேட்டால் எல்லோரும் அடுத்தவரைக் காட்டுவோம். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அண்ணாந்து கும்பிட்டுப் போனார்கள். பிள்ளை வரம் கேட்டு நெட்டுக் கம்பத்தில் மஞ்சள் துணியில் தொட்டில் கட்டினார்கள். இதையெல்லாம் முன்னால் நின்று செய்தவன் சுயம்புராஜ். அவனுக்கு ஒரு கூட்டம் கிடைத்தால் போதும், வரிசையை ஒழுங்குபடுத்தி, ஆளுக்குத் தண்ணீர் கொடுத்து, செருப்பை அங்க விடுங்க தாயி என்று சொல்லி முகமெல்லாம் பூரிப்பான். சாயங்காலம் ஐந்தரைக்குக் கம்பத்தடியில் சூடம் காட்டினான், சூடம் காட்டியதும் கோர்ட்டுக்குள் நிற்கிற பன்னிரண்டு பேரும் கும்பிட்டார்கள், ஞானதிரவியம் சார் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே மரியாதைக்கு விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

மரகதவல்லி மட்டும் கும்பிடவில்லை. தினமும் ஐந்து மணிக்கு வந்து ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து, அன்றைய தேதியை எழுதி, எதிரே பதினாலு பதிமூன்று என்று எழுதி, பேனாவை மூடாமல் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாமிக்கு ஒரு கும்பிடு போட்டா கை தேஞ்சா போகும் என்று கேட்டவர்களிடம், பந்து அந்தரத்துல நிக்கும்போது ஸ்கோர் எழுதுதவ கண்ண மூடலாமா அக்கா என்றாள்.

ஆவணி முடியப் போகையில் சுயம்புராஜுக்கு ஒரு யோசனை வந்தது. பந்துக்குக் கொடை விழா எடுக்க வேண்டும், வில்லுப்பாட்டு வைக்க வேண்டும், முள்ளிக்கரைக்கும் சேர்த்து அழைப்பு அடிக்க வேண்டும். நோட்டீசு எழுதி, மஞ்சள் தாளில் ஒரு மாதிரி அச்சடித்து, அத்தானிடம் காட்டி வை என்று அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் பந்தல்காரனைப் பார்க்கப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆதிலிங்கம் சாளை மீன் குழம்பைப் பிசைந்துகொண்டிருக்கும்போது சந்திரபுஷ்பம் அதை அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அருள்மிகு பந்தடி சுவாமி கொடை விழா என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே, இவண் வே. சுயம்புராஜ், மேனேஜர், விடிவெள்ளி வாலிபால் கிளப் என்று இருந்தது.

"நாளைக்கு அச்சுக்குக் குடுக்கணுமாம். சரின்னு சொல்லட்டுமா?" என்றாள்.

ஆதிலிங்கம் அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். கை சோற்றிலேயே இருந்தது. நோட்டீசு அச்சாகி ஊர் ஊராகப் போனால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவருக்குத் தெரிந்தது. நாற்பத்தோரு வருஷம் குடும்பம் நடத்திய பெண்ணிடம் சொல்லப் பயமாகத்தான் இருந்தது, இருந்தாலும் சொன்னார்.

"புஷ்பம், அவனுக்குக் குடுக்க முடியாது."

அவள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"அவன் எனக்கும் பிள்ளைதான். இல்லன்னு சொல்லல. ஆனா பந்து வந்தா அவன் பந்தைப் பாக்க மாட்டான், சுத்தி நிக்க கூட்டத்தைப் பாப்பான். அவன் கையில குடுத்தா டீம் செத்துரும். இதைச் சொன்னா நீ மூட்டையைக் கட்டிட்டு அவன் வீட்டுக்குப் போயிருவன்னுதான் இத்தனை நாளும் வாயை மூடிட்டு இருந்தேன்."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் சந்திரபுஷ்பம். "அவனுக்குப் பால்பல் விழுந்த நாள்லேருந்து பாக்கேன். சோறு வேணுமாலேன்னு கேட்டா வேணும், வேண்டாம்னு ரெண்டையும் சேத்துச் சொல்லுத பய அவன்."

ஆதிலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "பின்ன எதுக்கு எட்டு மாசமா அவனுக்குக் குடுங்க, குடுங்கன்னு என் உசிர வாங்குன?"

"அக்கான்னு ஒருத்தி இருந்தா கேக்கத்தான் செய்யணும். தாயில்லாத பயலுக்காக ஒரு வார்த்தை கேக்க நாதி இல்லன்னு அவன் நினைச்சிரக் கூடாதுல்லா? நான் கேக்கணும், நீங்க முடியாதுன்னு சொல்லணும். அதுதான முறை? எங்க அம்மை ஆயிசு பூரா அவ தம்பிமாருக்காக எங்க அய்யாகிட்டக் கேட்டா, அவரு ஆயிசு பூரா முடியாதுன்னாரு. யாருக்கும் மனத்தாங்கல் இல்ல. நீங்க என்னன்னா பாப்போம், பாப்போம்னு சொல்லிட்டு இருக்கிய. நீங்க முடியாதுன்னு சொல்லாம நான் எப்படிக் கேக்குறத நிறுத்த?"

எட்டு மாதமாக இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பயந்து, ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். ஆதிலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் அடி விழும் என்று சோற்றைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மீனில் உப்பு கொஞ்சம் தூக்கல் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"ஆனா ஒண்ணு," என்றாள் அவள். "அவன்கிட்ட நீங்கதான் சொல்லணும். அது என் வாயால ஆகாது."

சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே கோர்ட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நல்ல கூட்டம். பன்னிரண்டு பேரும் இடத்தில் நின்றார்கள், சுயம்புராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சூடத்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆதிலிங்கம் அவனை நோக்கி நடந்தார், நாலு எட்டு வைத்ததும் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். சூடம் காட்டி முடிக்கட்டும், சொல்லுவோம் என்று நினைத்தார்.

"மாமா," என்றாள் மரகதவல்லி, அவர் பக்கம் திரும்பாமல். "மத்தியானம் ஒண்ணரை மணிக்குத் தையல் மெஷினை விட்டுட்டு வந்து பாத்தேன். ஒரு முழம் இறங்கிருக்கு."

"நல்லாப் பாத்தியா?"

"எழுதி வச்சிருக்கேன். இப்ப ரெண்டு முழம்."

ஒன்றரை மணிக்கு மேனேஜர் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று அவளுக்குத் தெரியாது, மேனேஜரும் சொல்லவில்லை. சுயம்புராஜ் சூடத்தைக் கொளுத்தினான். மணி அடித்தது. பந்து விழ ஆரம்பித்தது.

எட்டு மாதம் நின்ற பந்து எப்படி விழ வேண்டும் என்று நாங்கள் யோசித்து வைத்திருக்கவில்லை. அது சாதாரணமாக ஒரு பந்து விழுகிற மாதிரிதான் விழுந்தது. ஊர் மொத்தமும் கை கூப்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். சாமி இறங்குது, சாமி இறங்குது என்று சுயம்புராஜ் கண்ணீர் விட்டான். கோர்ட்டுக்குள் எங்கள் ஆறு பேரும் கை கூப்பிக் கண்ணை மூடினார்கள், நெட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள் ஆறு பேரும் கை கூப்பினார்கள். முப்பத்து நாலு வருஷம் பந்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத எங்கள் மேனேஜர், சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அவரும் எழுந்து நின்று கை கூப்பிவிட்டார். பந்து பனங்கொண்டை உயரத்துக்கு வந்தது, லைட் கம்பத்து உயரத்துக்கு வந்தது, எங்கள் பின்கோட்டைப் பார்த்து வந்தது.

"லே கோமதி! பின்னால போலே! எடுலே!"

பந்து நின்றபோது ஆச்சரியப்படாத ஊர், அப்போதுதான் வாயைப் பிளந்தது. எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால்கூட மரகதவல்லி, சங்கரன்கோவில் அம்மன் பேரு, பின்னால நாயகம் சேத்துக்கிடுங்க என்றுதான் சொல்லுவாள். அவள் மேசையில் கையை ஊன்றி எழுந்து நின்று, ஊர் உலகம் பார்க்க, புருஷனைப் பெயர் சொல்லி, அதற்கு முன்னாலும் பின்னாலும் 'லே' போட்டுக் கத்தினாள். கோமதிநாயகத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூப்பிய கை பிரியாமலே, திட்டு வாங்கிய பள்ளிக்கூடத்துப் பையனைப் போலப் பின்னால் பாய்ந்தான். தரைக்கு ஒரு சாண் மேலே பந்து அவன் மணிக்கட்டில் விழுந்து எழுந்தது.

"செட் பண்ணுலே! பட்டுராஜுக்கு! லே பட்டு, இடது மூலையில அடி! எங்க அண்ணனுக்கு இடது கால்ல ஆணி இருக்கு, குனிய மாட்டான்!"

பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். முன்வரிசைப் பையன் தூக்கிக் கொடுத்தான், பட்டுராஜ் அடித்தான். தாசன் கும்பிட்ட கையோடு தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தான், பார்த்துக்கொண்டே இடது பக்கம் சாய்ந்தான், கால் ஆணி உறுத்தியது, பந்து அவனுடைய விரலுக்கு அரை அடி தள்ளி மண்ணில் குத்திச் செம்புழுதி கிளப்பியது.

ஞானதிரவியம் சார் விசிலை ஊதினார், சத்தம் வரவில்லை; எட்டு மாதத்தில் குளவி உள்ளே மண் வைத்திருந்தது. தொடையில் தட்டிவிட்டு மறுபடியும் ஊதினார். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஊரே ஒரு பெருமூச்சு விட்டது.

முள்ளிக்கரைக்காரர்கள் சும்மா விடுவார்களா? ஸ்கோர் எழுதுகிறவள் ஆட்டத்துக்குள் எப்படிக் கத்தலாம் என்று ஸ்டூலைச் சூழ்ந்துகொண்டார்கள். நடுவர் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நிதானமாகப் புரட்டினார். "பெண்டாட்டி புருஷனைக் கூப்பிடக் கூடாதுன்னு இதுல எங்கயும் போடலை," என்றார். அதற்குப் பிறகு கோபம் தாசன் முகத்தில் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அவன் நேராக மேசைக்கு வந்து, "உன்னைக் கட்டிக் குடுத்ததே தப்பு," என்றான். மரகதவல்லி பதினைந்து பதிமூன்று என்று எழுதி அடியில் கோடு போட்டாள். "சாப்பிட்டுட்டுப் போ அண்ணே," என்றாள். அவன் முறைத்துக்கொண்டே, என்ன குழம்பு என்று கேட்டான்.

இனிமேல் நெட்டை அவிழ்க்க வேண்டும். எட்டு மாத வெயிலிலும் காற்றிலும் முடிச்சுகள் இறுகிக் கல்லாகிக் கிடந்தன. எங்களில் ஒருவராலும் அவிழ்க்க முடியவில்லை. சூடத்தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுயம்புராஜ்தான் வந்தான். அந்த முடிச்சுகளைப் போட்டவன் அவன். ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி அவிழ்த்தான், கம்பியை உருவினான், தொட்டில் கட்டியிருந்த மஞ்சள் துணிகளைக் கிழியாமல் எடுத்து ஓரமாக வைத்தான், நெட்டை மடித்தான், மடித்ததை இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு நிமிர்ந்தான்.

ஆதிலிங்கம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றார்.

"சுயம்பு, அதை இறக்குப்பா."

"இருக்கட்டும் அத்தான். இது எனக்குப் பழகுனதுதான."

"தெரியும். உனக்கு நான் எவ்வளவோ கடன்பட்டிருக்கேன். ஆனா நெட்டு இன்னைக்கு உன் தோள்ல நிக்கக் கூடாது."

அவனுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும் அத்தானைப் பார்க்கவில்லை, மரகதவல்லியைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் தேடி அக்காவைப் பார்த்தான். சின்ன வயதில் தெருவில் அடிபட்டு வந்து நிற்கும்போது பார்ப்பானே, அந்தப் பார்வை. ஆதிலிங்கத்துக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"எனக்காக நீ ஒரு வார்த்தை கேக்கலியாக்கா?"

"கேட்டேன் தம்பி," என்றாள் சந்திரபுஷ்பம். அழுதுகொண்டேதான் சொன்னாள். "காலையில கேட்டேன், ராத்திரி கேட்டேன். எட்டு மாசம் ஒருநாள் விடாமக் கேட்டேன். உங்க அத்தான்தான் முடியாதுன்னுட்டாரு."

"தெனமுமா கேட்ட?"

"தெனமும்."

தெனமும் என்று சுயம்புராஜ் ஒரு தடவை தனக்கே சொல்லிக்கொண்டான். மூக்கைத் துடைத்துக்கொண்டான். பிறகு மேசைக்கு நடந்து போய், ஆதிலிங்கம் வந்து ஒரு முனையைப் பிடிக்கும்வரை காத்திருந்து, நெட்டை மரகதவல்லியின் தோளில் இறக்கினான். அவள் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்து, மறுபடி தூக்கி, மடிப்பைத் திருப்பிப் போட்டான்.

"இப்படிப் போடணும் தாயி," என்றான். "இல்லன்னா கழுத்துல குத்தும்."